சிக்கனம் சமைக்கிறவளின் தட்டிலிருந்து தொடங்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலைவாசி ஏறிக்கொண்டே போகும் இந்நாளில் குடும்பங்கள் சேமிக்க வேண்டுமானால் இல்லத்தரசிகள் சமையலறையில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். சமையலறையில் மிச்சம் பிடிக்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை; மூன்றாண்டுகளுக்கும் மேலாக நான் அதைச் செய்து வருகிறேன். ஆனால் கையை இறுக்கு என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால், அந்த இறுக்கம் பெரும்பாலான வீடுகளில் சமைக்கிறவளின் தட்டில்தான் வந்து விழுகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் விழுந்தது. அதனால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

மதுரையில் பழங்காநத்தம் பக்கம் வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் குடியிருக்கிறோம். கணவர் ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறார். நான் இளங்கலைத் தமிழ் படித்தவள். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மாமியார், மகள், மகன் ஆகியோர் மற்ற மூவர். 2020-இல் ஊரடங்கினால் அச்சகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, என் அம்மா எனக்குப் போட்டு அனுப்பிய மூன்று பவுன் சங்கிலியை 60,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. 900 ரூபாய் வட்டியை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டு, அசலில் ஒரு ரூபாயும் குறையாமலேயே இரண்டாண்டுகள் ஓடிவிட்டன. 2022-இல் எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் அளவில் இருந்தது. அதிலிருந்து சங்கிலியை மீட்கும் அளவுக்கு எங்கே மிச்சம் பிடிப்பது என்று யோசித்தபோது, வாடகையையும் பள்ளிச் செலவையும் தொட முடியாது என்பதால், மற்றெல்லோரையும் போல நானும் அடுப்படியைத்தான் பார்த்தேன்.

அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கெழுதத் தொடங்கினேன். சாப்பாட்டுக்கு மாதம் 7,000 ரூபாய் ஆகிறது என்றே நானும் கணவரும் நம்பிக்கொண்டிருந்தோம். மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, எரிவாயு நீங்கலாக, 10,140 ரூபாய் வந்தது. மளிகை 3,620, பால் 1,320, காய்கறி 1,650, மீன், கறி, முட்டை 1,480. மீதி 2,070 ரூபாய் வெளியில் வாங்கித் தின்றது. அந்தக் கடைசித் தொகையை நாங்கள் இருவரும் 500 அல்லது 600 என்று மதிப்பிட்டிருந்தோம். ஞாயிறுதோறும் வாங்கிய பரோட்டாப் பொட்டலம் நான்கு முறைக்கு 1,040, மாலை வேளைகளில் வடை, பஜ்ஜி 430, இட்லி மாவுப் பாக்கெட் 320, பிள்ளைகளின் பாக்கெட் தீனி 280. பத்தும் இருபதுமாகச் சட்டைப் பையிலிருந்து போகிற பணம் யார் கணக்கிலும் சேர்வதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இது எங்கள் ஒரு வீட்டின் கதையாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மத்திய அரசு 2022-23-இல் நடத்திய வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய். அதில் உணவுக்குப் போவது நூற்றுக்கு 39. அந்த 39-இல் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 4-க்கும் குறைவு. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் பங்கோ 10-க்கும் மேல். பால், காய்கறி, பருப்பு என்று எதை எடுத்தாலும், உணவுச் செலவில் அதைவிடப் பெரிய இனம் வேறில்லை. சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டுகிறது.

ஆனால் அன்று நான் அங்கிருந்து தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டாவை நிறுத்தினால் பிள்ளைகள் முகம் வாடும். கணவரிடம் டீக்கடை வடையைக் குறையுங்கள் என்றால் வீட்டில் பேச்சு வளரும். மாமியாரின் பாலில் கை வைக்க மனம் வராது. யாரையும் கேட்காமல் குறைக்கக் கூடியது என் பங்கு ஒன்றுதான். காலையில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால் உண்டேன். குழம்பின் அடியில் பருப்பு இருக்கும் மட்டும் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, மேலே நின்ற தெளிவை நான் எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஐந்து முட்டையை நான்காக்கினேன். பாலுக்குப் பதில் வரக்காப்பி குடித்துப் பசியை அடக்கினேன். ஆகஸ்ட் மாதக் கணக்கு 6,700-க்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் தையல் இயந்திரத்தின் மீதே மயங்கிச் சாய்ந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.1 இருந்தது. என்னைப் பார்த்த மருத்துவர், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுவீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அரிசி அட்டைக்கெல்லாம் விலையில்லா அரிசி கிடைக்கிற மாநிலத்தில் இந்த எண்! பசி தீர்வதும் உடம்பு தேறுவதும் வேறு வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. என் ஆகஸ்ட் மாதப் பெருமையைப் பிறகு நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பின் எங்கள் மாதச் செலவு 7,620 ரூபாயில் வந்து நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட 920 ரூபாய் முழுவதும் என் சோறு.

அந்த 7,620-க்கு எப்படி வந்தோம் என்பதைச் சொன்னால் சிலருக்குப் பயன்படக் கூடும். முதலில் கணவர் ஒரு முடிவு எடுத்தார்; மாதத்தின் முதல் ஞாயிறன்று சாப்பாட்டுக்கு உட்காரும் முன் நோட்டை எல்லோர் முன்னும் வாசிப்பது, அதுவும் மகள் வாசிப்பது. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. பரோட்டா நான்கு முறைக்கு 1,040 என்று தன் வாயால் வாசித்தவள், யாரும் சொல்லாமலேயே மாதம் ஒரு தடவை போதும் என்றாள். முழுக்க நிறுத்தலாம் என்று கணவர் சொன்னதை நான் ஒப்பவில்லை. மாதம் ஒரு நாள் வெளிச்சாப்பாடு பிள்ளைகளுக்குத் திருநாள் மாதிரி; அதையும் பறித்தால் சிக்கனத்தின் மேல் வெறுப்புதான் மிஞ்சும்.

மாவுப் பாக்கெட்டை நிறுத்தியதுதான் எளிதில் கைகூடிய மாற்றம். பரணில் கிடந்த மாமியாரின் மாவரைக்கும் கிரைண்டரை இறக்கினோம். நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசி மூன்று பங்கும் கடை இட்லி அரிசி ஒரு பங்குமாகக் கலந்து, நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் சேர்த்து ஊற வைக்கிறோம். உளுந்தைத் தனியாக, நீரைத் தெளித்துத் தெளித்துப் பந்து போலப் பொங்க அரைத்தால், நியாயவிலை அரிசியில் இட்லி மெத்தென்று வராது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு தருகின்றன. மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், அன்று 40 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ பாக்கெட்டுக்கு இது பாதி விலைகூட இல்லை. மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டுப் பணியாரம் சுட்டால், அன்றைய மாலைத் தீனிக்கும் ஆயிற்று.

மற்ற மாலைகளில் சுண்டல். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு என்று முறை வைத்து, முதல் நாள் இரவே 200 கிராம் ஊற வைத்தால் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வருகிறது. செலவு 20 ரூபாயை ஒட்டி. கணவர் அச்சகத்துக்கும் ஒரு டப்பாவில் கொண்டு போகிறார். வடை, பஜ்ஜிக்குப் போன 430 ரூபாய் இங்கே முக்கால்வாசிக்கு மேல் செலவாகிவிடுகிறது என்பதும் உண்மை. இந்த இனத்தில் நாங்கள் மிச்சம் பிடித்தது குறைவுதான். ஆனால் எண்ணெயில் போன பணம் பயறாக வந்தது. சிக்கனக் கணக்கில் இத்தகைய மாற்றத்துக்கும் வரவுப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும்.

காய்கறியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. இடைத்தரகர் இல்லை, உழவருக்குக் கடை வாடகை இல்லை. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலும், வெளிச் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். எங்களுக்கு நடை தூரத்திலேயே ஓர் உழவர் சந்தை இருந்தும், தெருவில் வரும் வண்டியிலேயே பல ஆண்டுகள் வாங்கி வந்தோம். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் போகிறேன். வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போவதை விட்டுவிட்டேன். பலகையைப் பார்த்து, அன்று மலிந்திருக்கிற மூன்று காயை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப என்ன சமைப்பது என்று முடிவு செய்கிறேன். கத்தரிக்காய் மலிவாக இருக்கிற வாரத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய், பொரியல், கொத்சு என்று மூன்று விதமாக அதுவே வரும். 2023 ஜூலையில் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோது, எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் தக்காளி இல்லை. புளி ரசம், மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், மாங்காய்ப் பருப்பு என்று மாற்றினோம். தக்காளி நம் ஊருக்கு வருமுன் நம் பாட்டிமார் வைத்த குழம்பெல்லாம் புளியிலும் மோரிலும்தானே இருந்தது.

குப்பைக்குப் போகிறவற்றையும் திரும்பிப் பார்த்தேன். பீர்க்கங்காயை வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. தோலை வதக்கி, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், ஒரு நெல்லிக்காயளவு புளி, இரண்டு பல் பூண்டு வைத்து அரைத்தால், இரண்டு வேளைச் சோற்றுக்கு அது போதும். முள்ளங்கி வாங்கும்போது கீரையோடு வாங்குகிறேன். கீரை பருப்போடு சேர்ந்து பொரியலாகும். தண்டுக்கீரையில் இலை மசியலுக்கும் தண்டு சாம்பாருக்கும் போகும். வாழைப்பூ ஆய்வதற்கு நேரமெடுக்கும் என்பது உண்மை. மாமியார் அதைத் தாமே எடுத்துக்கொண்டார். நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று வருந்திக்கொண்டிருந்தவருக்கு வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு கிடைத்தது. அவருடைய முகத்தில் வந்த தெளிவை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை, புதிது வரத்தாகும் மாசி முதல் சித்திரைக்குள் வாங்கிவிடுகிறோம். இது நம் வீடுகளில் வழிவழியாக இருந்த வழக்கம். வருஷச் சாமான் என்றே இதற்குப் பெயர். மாதச் சம்பளக்காரர்கள் இதைக் கைவிட்டதற்குக் காரணம், ஒரே மாதத்தில் மூவாயிரம் ரூபாய் புரட்ட முடியாததுதான். நாங்கள் மாதம் 250 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கிறோம். பங்குனியில் 3,000 ரூபாய் கையில் இருக்கிறது. புளியைக் கொட்டை, நார் எடுத்து, வெயிலில் காய வைத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்தால் மறு ஆண்டு வரை கெடாது. மிளகாயும் மல்லியும் காய்ந்து மில்லில் அரைபட்டு வரும் நாளில் தெரு முழுவதும் மணக்கும். பாக்கெட் பொடி வாங்குவதை அதோடு மறந்தோம். சித்திரை வெயிலில் மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றலும் கூழ் வடகமும் போட்டுக்கொள்வதால், கையில் காசில்லாத மாதக் கடைசியிலும் ஒரு வற்றல் குழம்புக்குப் பஞ்சமில்லை.

நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிச்சந்தையில் அதே பருப்பு நான்கைந்து மடங்கு விலை விற்கிறது. வரிசையில் நிற்பதற்குச் சங்கடப்பட்டுக்கொண்டு எங்கள் அட்டைக்குரிய பருப்பைப் பல மாதம் வாங்காமலே விட்டிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. அந்தப் பருப்பு வேகாது என்பார்கள். ஒரு மணி நேரம் ஊற வைத்தால் வெந்துவிடும். குக்கரில் கீழே பருப்பு, மேலே அரிசி, அதற்கும் மேலே காய் என்று ஒரே தடவையில் அடுக்கி வைத்ததால், 34 நாள் வந்த எரிவாயு உருளை இப்போது 45 நாள் வரை வருகிறது.

பாலையும் மீனையும் முட்டையையும் நாங்கள் குறைக்கவில்லை, வகையைத்தான் மாற்றினோம். வஞ்சிரம் வாங்கின இடத்தில் சாளை வாங்குகிறோம். விலை சில பங்குதான், சத்தில் அது எந்த மீனுக்கும் குறைந்ததன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறும். அப்போது முட்டைக் குழம்பும் கருவாடும். முட்டை வாங்கினால் ஐந்து அல்லது பத்து என்று ஒரு விதி வைத்திருக்கிறோம், நான்கு வாங்கக் கூடாது. குழம்பைக் கலக்கி ஊற்ற வேண்டும் என்பது மாமியார் போட்ட விதி. நான் முருங்கைக்கீரையும் சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை ஒட்டிக் காப்பி குடிப்பதையும் விட்டேன். எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4-க்கு வந்தது.

இனிச் சேமிப்பு. அந்த வாசகரின் கடிதத்தில் இது பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. ஆகஸ்ட் மாதம் 3,440 ரூபாய் செலவைக் குறைத்தேன் என்று சொன்னேனே, அந்தப் பணம் எங்கே போயிற்று? ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவை, உறவில் ஒரு காதுகுத்து மொய், கணவரின் வண்டிக்கு ஒரு டயர். நோட்டில் மிச்சம் இருந்தது, கையில் இல்லை. நான் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்த பணம் எங்கள் சங்கிலிக்கு ஒரு ரூபாயும் போய்ச் சேரவில்லை. ஆகவே நவம்பர் முதல் முறையை மாற்றினோம். சம்பளம் வந்த அன்றே 2,500 ரூபாயை எடுத்து, வழக்கமான வட்டியோடு சேர்த்து 3,400 ரூபாயாக அடகுக் கடையில் கட்டிவிட்டு, மீதியில் மாதத்தை ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. ஆனாலும் 3,400-ஐக் குறைக்கவில்லை. இரண்டு தீபாவளித் தையல் வருமானமும் சேர்ந்து, 2024 மே மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

கடன் இருக்கும்போதே ஏன் அஞ்சலகத்தில் ஒரு கணக்குத் தொடங்கக் கூடாது என்று அப்போது பலர் கேட்டார்கள். மாதம் ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி கொடுக்கிறோம். அஞ்சலகத் தொடர் வைப்பில் கிடைப்பது 6.7 விழுக்காடு. ஒரு கையால் 18 கொடுத்துக்கொண்டு மறு கையால் 6.7 வாங்குவது சேமிப்பாகாது. கடனை அடைத்த மறுமாதமே, 2024 ஜூனில், மாதம் 2,000 ரூபாய் கட்டும் ஐந்தாண்டுத் தொடர் வைப்பைத் தொடங்கினோம். 60 தவணையில் நாங்கள் கட்டுவது 1,20,000 ரூபாய். முதிர்வில் கைக்கு வருவது ஏறத்தாழ 1,42,700 ரூபாய். அது முதிர்வது 2029 ஜூன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும் மாதமும் அதுவே. கணக்குப் புத்தகத்தின் உறை மீது அவளே ‘கல்லூரி, 2029 ஜூன்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். சும்மா சேர்த்து வைக்கிறோம் என்று இருந்த நாளில் எடுத்துச் செலவழிக்கத் தோன்றியது போல் இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. மூன்றாண்டுக்குப் பிறகு இடையில் முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும் என்பதையும் அவள் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை உள்ளவர்களுக்கு, 2024 ஜனவரி முதல் 8.2 விழுக்காடு வட்டி தரும் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இதைவிட நல்லது. எங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

தெருவில் நடக்கும் சீட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்படியில் மிச்சம் பிடிக்கும் பெண்களின் பணம் பெரும்பாலும் தீபாவளிச் சீட்டிலும் நகைச்சீட்டிலும்தான் போய் விழுகிறது. நானும் முன்பு ஒரு சீட்டில் 9,000 ரூபாயை இழந்தவள். சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டு முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். பதிவு எண்ணைக் கேட்பது அக்கம்பக்கத்தில் மரியாதைக் குறைவாக எண்ணப்படுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாதம் பத்தாயிரத்துக்குள் வாழ்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அங்கே பரோட்டாவும் இல்லை, பாக்கெட்டும் இல்லை. குறைப்பதற்கு எதுவுமே இல்லை. அவர்களிடம் சிக்கனம் பேசுவது அநியாயம். கூலி உயர வேண்டும் என்பதற்கு மாற்றாக நான் எதையும் முன்வைக்கவில்லை. கொஞ்சமேனும் இடம் இருக்கிற வீடுகளில், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்வது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு அதே அளவுக்கு வீட்டுச் செலவுப் பணத்தைக் கணவர்கள் குறைத்துக் கொடுக்கும் வீடுகளை நான் அறிவேன். தையலுக்கு வரும் பெண்கள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே இதைச் சொல்வார்கள்.

இறுதியாகத் தங்களுக்கும் தங்கள் வழியாக அரசுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். உழவர் சந்தை விலைப் பட்டியலை மாவட்டப் பக்கத்தில், தங்கம் வெள்ளி விலை வருகிற அதே இடத்தில், நாள்தோறும் வெளியிட வேண்டும். நான் சந்தைக்குப் போய்த்தான் பலகையைப் பார்க்க முடிகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த நேரமும் இல்லை. அடுத்து, 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த அந்தத் தானியத்தை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் காலையில் கேழ்வரகுக் கூழோ களியோதான். அதை மட்டும் இன்னும் கடை விலையில் வாங்குகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை.